சங்கத்துக் கணக்கை மேகத்தில் ஏற்றுமுன்

பணியாளர் கூட்டுறவுச் சிக்கன நாணயச் சங்கங்களின் செயலாளர்களுக்கும், கணக்கர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும் ஒரு திறந்த மடல்



முப்பத்தோர் ஆண்டுகள் ஒரு பணியாளர் கூட்டுறவுச் சிக்கன நாணயச் சங்கத்தில் முதலில் கணக்கராகவும் பின்னர்ச் செயலாளராகவும் இருந்து, பேரேட்டின் துணி முதுகைத் தடவிப் பார்த்தே அது எந்த ஆண்டின் ஏடு என்று சொல்லக்கூடிய அளவுக்கு அந்தப் பணியோடு ஒன்றிப்போய், ஓய்வு பெற்ற பிறகும் அதன் நினைவை விட முடியாமலிருப்பவன் நான். அந்த உரிமையிலேதான் உங்களுக்கு இந்த மடலை எழுதத் துணிகிறேன்.

அண்மைக் காலமாக உங்களில் பலர் என்னைச் சந்திக்கும்போது ஒரே விஷயத்தைக் கேட்கிறீர்கள். சங்க அலுவலகத்துக்கு விற்பனைப் பிரதிநிதிகள் வருகிறார்கள். மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, ‘இனிமேல் சர்வர் வேண்டாம், பேக்கப் வேண்டாம், எல்லாம் கிளவுடிலேயே இருக்கும், நீங்கள் நிம்மதியாக இருக்கலாம்’ என்கிறார்கள். அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்திலேயே தீர்மானம் நிறைவேற்றி ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டுமென்று அவசரப்படுத்துகிறார்கள். கையெழுத்துப் போடலாமா, கூடாதா? இக்கேள்விக்கு ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல்லில் பதில் உரைப்பது உங்களுக்கும் உங்களை நம்பிச் சந்தா கட்டும் உறுப்பினர்களுக்கும் நான் செய்யும் துரோகமாகும். மேகக் கணிமை என்று ஏடுகளிலும் கிளவுட் என்று பேச்சிலும் வழங்கும் இந்த ஏற்பாடு ஒற்றைப் பொருளன்று. அதிலே பல வகைகள் உண்டு. அவ்வகைகளின் பேதமெல்லாம், எந்த வேலையைப் பிறர் கையில் ஒப்படைக்கிறோம், எந்தப் பொறுப்பை நம் கையில் வைத்துக்கொள்கிறோம் என்ற ஒரு கேள்வியிலேயே அடங்கியிருக்கின்றன.

முதலில் என் அனுபவம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 2015ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் அடையாறு பெருக்கெடுத்துச் சென்னையின் தென்பகுதியை மூழ்கடித்தபோது, எங்கள் அலுவலகம் ஒரு பழைய கட்டடத்தின் தரைத்தளத்தில் இருந்தது. வெள்ளம் வடிந்து நாலாம் தேதி காலையில் நான் போய்ப் பூட்டைத் திறந்தபோது, உள்ளே கணுக்கால் அளவு சேறு. மேசைக்கடியிலிருந்த கணினிப் பெட்டியைச் சாய்த்தேன். செம்பைக் கவிழ்த்தாற்போலத் தண்ணீர் கொட்டியது. அது போனால் போகட்டும், பேக்கப் இருக்கிறதே என்று இரும்பு பீரோவைத் திறந்தேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமை மாலையும் தவறாமல் படியெடுத்து நான் பத்திரப்படுத்தி வந்த ஹார்டு டிஸ்க், பீரோவின் கீழ்த்தட்டில், பிளாஸ்டிக் உறைக்குள்ளே கலங்கல் நீரில் கிடந்தது. கடன் பத்திரங்களின் மையெல்லாம் ஒன்றோடொன்று கலந்து, உறுப்பினர்களின் கையெழுத்துகள் ஊதாக் கறைகளாக மாறியிருந்தன. எங்கள் கணக்கர் அம்மையார், பேரேட்டின் ஒட்டிக்கொண்ட தாள்களைப் பழைய தபாலட்டை ஒன்றினால் ஒவ்வொன்றாகப் பிரித்து, மொட்டை மாடியில் கயிறு கட்டி உலர்த்திய அந்தக் காட்சி இன்றும் என் கண்ணை விட்டு அகலவில்லை.

கணக்குகளைத் திரும்ப எழுதி முடிக்க எங்களுக்கு மூன்று மாத காலம் பிடித்தது. எதைக் கொண்டு எழுதினோம்? உறுப்பினர்கள் தத்தம் வீடுகளில் வைத்திருந்த பாஸ்புத்தகங்களையும், சம்பளத்தில் சந்தாவும் கடன் தவணையும் பிடிக்கும் அலுவலகத்தின் சம்பளப் பிரிவிலே கிடந்த பிடித்தப் பட்டியல்களையும் கொண்டு எழுதினோம். எங்களைக் காப்பாற்றியது எங்கள் பீரோவன்று. வேறோர் இடத்தில், வேறொருவர் கையில் இருந்த படியே காப்பாற்றியது. மேகக் கணிமையை நான் கொள்கையளவில் ஆதரிப்பதற்கு முதற்காரணம் இதுதான். அதைப் பற்றி உங்களை எச்சரிப்பதற்கும் இதுவேதான் காரணம் என்பது போகப் போக விளங்கும்.

மேகம் என்ற பெயர் கேட்போர் மனத்தில் ஒரு மயக்கத்தை உண்டாக்கிவிட்டது. தொலைத்தொடர்புப் பொறியாளர்கள் வரைபடம் போடும்போது, உட்புற விவரங்களைக் காட்டத் தேவையில்லாத வலைப்பின்னலை ஒரு மேக வடிவமாக வரைந்துவிடும் வழக்கம் இருந்தது. அந்த வடிவத்திலிருந்து வந்த பெயரே இது. உண்மையில் உங்கள் கணக்கு ஆகாயத்தில் எங்கும் மிதப்பதில்லை. சிறுசேரியிலும் அம்பத்தூரிலும் எழும்பியிருக்கும் தரவு மையங்களைப் போன்ற ஏதோ ஒரு பெருங்கட்டடத்துக்குள்ளே, வரிசை வரிசையான இரும்புச் சட்டங்களில் பொருத்தப்பட்ட இயந்திரங்களுள் ஒன்றில், இரவும் பகலும் குளிரூட்டப்பட்டு, மின்சாரம் நின்றால் பாட்டரியும் அதன்பின் டீசல் ஜெனரேட்டரும் தாங்கிப் பிடிக்க, கண்ணாடி இழைக் கம்பி வழியாக வெளியுலகோடு தொடர்பு கொண்டு அது வீற்றிருக்கிறது. மைக்ரோசாப்ட் 2015ஆம் ஆண்டிலேயே புனே, சென்னை, மும்பை ஆகிய இடங்களில் தன் மையங்களை அமைத்தது. அமேசான் 2016இல் மும்பையிலும் 2022இல் ஐதராபாத்திலும் அமைத்தது. ஆகவே, ‘எங்கள் கணக்கு எந்த ஊரில், யாருடைய கட்டடத்தில் இருக்கும்?’ என்று பிரதிநிதியிடம் கேட்பதற்கு நீங்கள் கூச வேண்டியதில்லை. பதில் சொல்லத் தெரியாதவரிடம் மேற்கொண்டு பேச வேண்டியதுமில்லை.

இந்த எண்ணம் புதியதன்று. தொலைபேசியைப் போலவே கணிப்பும் ஒரு நாள் பொதுச் சேவையாக அமையக்கூடும் என்று ஜான் மெக்கார்த்தி என்ற அறிஞர் 1961ஆம் ஆண்டில், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் நூற்றாண்டு விழாவில் பேசினார். அவர் சொன்னது நடைமுறைக்கு வர நாற்பத்தைந்து ஆண்டுகள் ஆயின. 2006ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அமேசான் நிறுவனம் சேமிப்பு இடத்தையும், ஆகஸ்டில் கணிக்கும் சக்தியையும் வாடகைக்கு விடத் தொடங்கியது. ஒரு சிறிய கணினியின் சக்தி மணிக்குப் பத்து அமெரிக்கக் காசு என்று அன்று விலை வைத்தார்கள். பிறகு ஆளாளுக்குத் தம் சரக்கையெல்லாம் கிளவுட் என்று கூவத் தொடங்கிய காலத்தில், அமெரிக்க நாட்டின் தேசியத் தர நிர்ணய, தொழில்நுட்பக் கழகம் 2011 செப்டம்பரில், பீட்டர் மெல், டிமதி கிரான்ஸ் என்ற இருவர் எழுதிய சிறிய வரையறை ஒன்றை வெளியிட்டது. சேவை வகை மூன்று, அமைப்பு வகை நான்கு என்று இன்று உலகமெங்கும் ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கும் பாகுபாடு அதிலே கண்டதுதான்.

எது மேகம் ஆகும் என்பதற்கு அந்த வரையறை ஐந்து லட்சணங்களைக் கூறுகிறது. வேண்டியபோது யாரையும் கேட்காமல் நாமே எடுத்துக்கொள்ளலாம். வலைப்பின்னல் வழியாக எந்தச் சாதனத்திலிருந்தும் அணுகலாம். பலருக்கும் பொதுவான இயந்திரக் குவியலிலிருந்து பங்கு கிடைக்கும். தேவை கூடும்போது கூட்டியும் குறையும்போது குறைத்தும் கொள்ளலாம். பயன்படுத்திய அளவு மின்மீட்டரைப் போல அளந்து கணக்கிடப்படும். நமக்கு இவற்றில் முக்கியமானவை கடைசி இரண்டும்தான். மார்ச் 31ஆம் தேதி இரவு, எல்லா உறுப்பினர்களின் சிக்கன நிதிக்கும் வட்டி போட்டு, ஐந்தொகை எடுக்கும் அந்த ஒரு வாரத்துக்காக, ஆண்டு முழுவதும் சும்மா கிடக்கும் பெரிய இயந்திரம் ஒன்றை வாங்கிப் போடும் நிர்ப்பந்தம் நமக்கு உண்டு. அந்த வாரத்துக்கு மட்டும் கூடுதல் சக்தியை எடுத்து, ஏப்ரலில் திருப்பிக் கொடுத்துவிட்டு, எடுத்ததற்கு மட்டும் பணம் கட்டுவது சிக்கனம் என்ற பெயரைத் தாங்கிய நம் சங்கங்களுக்குப் பொருத்தமான ஏற்பாடு அல்லவா?

இனி, சேவை வகை மூன்று. நம்மில் பலர் விற்பனைச் சங்கங்களோடும் பழகியவர்களாதலால் நெல்லை வைத்தே சொல்கிறேன். நெல் மூட்டைகளை வைத்திருக்கும் ஒருவர் கிடங்கு ஒன்றை வாடகைக்கு எடுக்கிறார். கூரை, தரை, பூட்டு, வாசலில் காவற்காரர், இவ்வளவும் கிடங்குக்காரர் பொறுப்பு. மூட்டையை அடுக்குவது, ஈரம் பார்ப்பது, எலிக்கு மருந்து வைப்பது, எவருக்கு எத்தனை மூட்டை கொடுத்தோம் என்று குறித்து வைப்பது எல்லாம் நெல்லுக்குடையவர் பொறுப்பு. இதுதான் உள்கட்டமைப்புச் சேவை. கணினித் துறையினர் ஐயாஸ் என்பார்கள். வெறும் இயந்திரமும் சேமிப்பு இடமும் வலைத்தொடர்பும் மட்டும் கிடைக்கும். அதன்மேல் இயங்குதளத்தை நிறுவுவது, அதற்கு வரும் பாதுகாப்புத் திருத்தங்களைத் தவறாமல் போடுவது, கணக்கு மென்பொருளை ஓட்டுவது, பேக்கப் எடுப்பது யாவும் நம் தலையில் விழும். தேர்ந்த கணினி ஊழியர் ஒருவர் நிரந்தரமாக இல்லாத சங்கம் இதில் நேரடியாக இறங்கக் கூடாது என்பது என் திடமான அபிப்பிராயம்.

இரண்டாவது, கூலிக்கு அரைத்துத் தரும் ஆலை. இயந்திரமும் மோட்டாரும் அதை ஓட்டும் ஆளும் ஆலைக்காரருடையவை. நெல்லை மட்டும் நாம் கொண்டுபோய் அரைத்துக்கொண்டு வருகிறோம். இது தளச் சேவை, பாஸ் என்று வழங்குவது. சொந்தமாக மென்பொருள் எழுதத் தெரிந்தவர், தாம் எழுதியதைக் கொண்டுவந்து ஓட்டிக்கொள்வதற்கு ஏற்ற மேடை இது. கூகுள் நிறுவனம் 2008ஆம் ஆண்டில் ஆப் எஞ்சின் என்ற பெயரில் இத்தகைய மேடை ஒன்றை அமைத்தது. நம் சங்கங்களில் மென்பொருள் எழுதுவார் அரிது. ஆகையால் இதைப் பற்றி இவ்வளவு தெரிந்திருந்தால் போதும்.

மூன்றாவது, கடையிலே அரிசியாகவே வாங்குவது. விதைத்தது யார், அவித்தது எங்கே, அரைத்தது எந்த ஆலை என்ற கவலை வாங்குபவருக்கு இல்லை. இது மென்பொருள் சேவை, சாஸ் என்பார்கள். உலாவியைத் திறந்து, பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து உள்ளே போனால் வேலை தயாராக இருக்கும். நாம் அன்றாடம் பார்க்கும் ஜிமெயில் இவ்வகையைச் சேர்ந்தது. தென்காசிப் பக்கத்து மத்தளம்பாறையிலும் அலுவலகம் வைத்திருக்கும் ஸோகோ நிறுவனம் உலகுக்கு விற்பதும் இத்தகைய சேவையே. உங்கள் மேசைக்கு வரும் பிரதிநிதிகளில் பெரும்பாலோர் விற்பது இந்த மூன்றாவது வகையைத்தான். உங்களுக்கு ஏற்றதும் பெரும்பாலும் இதுதான்.

ஆனால் இங்கேதான் ஒரு சூட்சுமம் இருக்கிறது. உங்களுக்கு அரிசி விற்பவர் அந்த அரிசியைத் தம் சொந்தக் கிடங்கில் வைத்திருக்கிறாரா, வேறொருவர் கிடங்கை வாடகைக்குப் பிடித்து வைத்திருக்கிறாரா என்பது உங்களுக்குத் தெரியாது. சிறிய மென்பொருள் நிறுவனங்களிற் பல, பெரிய நிறுவனங்களிடம் ஐயாஸ் முறையில் இடம் பிடித்து, அதன்மேல் தம் மென்பொருளை ஓட்டி, அதை நமக்கு சாஸ் என்று விற்கின்றன. உள்குத்தகை என்று கிராமத்தில் சொல்வோமே, அதே ஏற்பாடு. இதில் குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் உள்குத்தகைக்காரர் மேல்குத்தகைக்காரருக்குப் பணம் கட்டத் தவறினால், பூட்டப்படுவது நம் கணக்கு இருக்கும் அறையாகும். நமக்கும் கட்டடத்துக்காரருக்கும் இடையே ஒப்பந்தமே இல்லாதபோது நாம் போய் எவர் வாசலில் நிற்பது? ஆகவே, கட்டடம் எவருடையது என்பதையும், நடுவில் இருப்பவர் கடையைக் கட்டிவிட்டால் நம் தரவு எந்த வழியில் நம் கைக்கு வரும் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுத்தில் வாங்குங்கள்.

மூன்று வகைகளில் எதை எடுத்தாலும் பிறரிடம் ஒப்படைக்கவே முடியாத சில பொறுப்புகள் உண்டு. உள்ளே நுழையும் கடவுச்சொல் யார் யாரிடம் இருக்கிறது, மாற்றலாகிப் போன எழுத்தரின் அனுமதி அன்றே நீக்கப்பட்டதா, எந்த உறுப்பினரின் எந்த விவரம் எவர் கண்ணில் படலாம், இவற்றை எந்த மேகக்காரரும் நமக்காகத் தீர்மானிக்க மாட்டார். கடவுச்சொல்லை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கணினித் திரையின் ஓரத்தில் ஒட்டிவைத்திருக்கும் அலுவலகங்களை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்த வழக்கம் மாறாத இடத்தில் உலகத்திலேயே உறுதியான தரவு மையமும் பயன்படாது. 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதைத் தெளிவாகவே வகுத்திருக்கிறது: எந்த நோக்கத்துக்காக, எவ்விதத்தில் தரவு கையாளப்பட வேண்டும் என்று நிர்ணயிப்பவருக்கு நம்பிக்கைப் பொறுப்பாளர் என்ற பொருள்பட ஒரு பெயரும், அவருக்காக அதைக் கையாளும் நிறுவனத்துக்கு வேறொரு பெயரும் கொடுத்து, கையாள்பவர் எவராயினும் பொறுப்பு முன்னவரையே சாரும் என்கிறது. தக்க பாதுகாப்புச் செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க அச்சட்டத்தில் இடமுண்டு. நம்பிக்கைப் பொறுப்பு என்ற சொல் நமக்குப் புதியதன்று. பிறர் பணத்துக்கு நாம் அன்றாடம் ஏற்றுவரும் பொறுப்பு இப்போது அவர்கள் பெயருக்கும் பிறந்த தேதிக்கும் ஆதார் எண்ணுக்கும் விரிந்திருக்கிறது, அவ்வளவே.

இனி, அமைப்பு வகை நான்கு. அவற்றுள் முதலாவதான தனி மேகம் என்பது ஒரே ஸ்தாபனத்துக்காக மட்டும் நடத்தப்படுவது. சொந்தக் கட்டடத்திலும் இருக்கலாம். வேறொருவர் நடத்தியும் தரலாம். இரகசியம் அதிகமுள்ள பெரிய வங்கிகளுக்கும் அரசுத் துறைகளுக்கும் அது தகும். சில நூறு உறுப்பினர்களை உடைய சங்கத்துக்கு அது யானையைக் கட்டித் தீனி போடுவதாகும்.

பொது மேகம் என்பது எவர் வேண்டுமானாலும் பணம் கட்டி இடம் பிடித்துக்கொள்ளக் கூடியது. இதைக் கேட்டவுடன் நம் உறுப்பினர்கள் சிலர், ‘நம்முடைய கணக்கு ஊராருடைய கணக்கோடு கலந்துவிடாதா?’ என்று அஞ்சுகிறார்கள். திருவல்லிக்கேணியின் ஒண்டுக்குடித்தன வீடுகளை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஒரே கூரை, ஒரே வாசல், ஒரே முற்றம், ஒரே கிணறு. ஆனால் ஒவ்வொரு குடித்தனத்துக்கும் தனிக் கதவு, தனிப் பூட்டு. ஒரு பெரிய இயந்திரத்தை மென்பொருளாலேயே பல கற்பனை இயந்திரங்களாகத் தடுத்து, ஒன்றில் இருப்பவர் மற்றொன்றை எட்டிப் பார்க்க முடியாதபடி செய்யும் வித்தையை ஐ.பி.எம். நிறுவனத்தார் 1960களிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். அந்தத் தடுப்பு உறுதியானது. திருட்டும் கசிவும் பெரும்பாலும் சுவரை உடைத்து நிகழ்வதில்லை. குடித்தனக்காரர் தம் கதவைத் தாழிடாமல் போவதால் நிகழ்கின்றன.

நான் நின்று பேச விரும்புவது மூன்றாவதான சமூக மேகத்தைப் பற்றியே. ஒரே நோக்கமும், ஒரே வித விதிமுறைகளும், ஒரே வித இரகசியத் தேவையும் உள்ள பல ஸ்தாபனங்கள் சேர்ந்து தங்களுக்கென்று மட்டும் வைத்துக்கொள்ளும் மேகத்துக்கு அந்தப் பெயர். நடத்துவது அவர்களுள் ஒருவராகவும் இருக்கலாம், வெளியாராகவும் இருக்கலாம். ஆயக்கட்டுதாரர்கள் எல்லோருக்கும் பொதுவான ஏரியைப் போன்றது அது. எவர் வயலுக்கு எந்த நாளில் எவ்வளவு நீர் என்பதை நீர்க்கட்டி முறை வைத்துத் திறந்துவிடுவார். கரையைப் பலப்படுத்தவும் வரத்துக்கால் தூர்வாரவும் குடிமராமத்து முறையில் எல்லோரும் கை கொடுப்பார்கள். இந்த வரையறையை முதன்முதலாகப் படித்தபோது, இது கூட்டுறவு இயக்கத்தின் இலக்கணமாயிற்றே என்று எனக்குத் தோன்றியது. 1904ஆம் ஆண்டில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்த அதே ஆண்டிலேயே திருவள்ளூர்ப் பக்கத்துத் திரூரில் கடன் சங்கமும், திருவல்லிக்கேணியில் பண்டகசாலையும் தோன்றின. தனித்தனியே சக்தியற்ற பலர் ஒன்றுகூடித் தமக்கு வேண்டியதைத் தாமே அமைத்துக்கொள்வது என்ற தத்துவத்தின்மேல் எழுந்த ஸ்தாபனங்கள் அவை.

இது வெறும் கற்பனையுமன்று. வங்கிகளுக்கென்றே இந்திய வங்கிச் சமூக மேகம் என்ற ஏற்பாடு ஒன்று இயங்குகிறது. நகரக் கூட்டுறவு வங்கிகளும் அதில் சேர இடமுண்டு. நிதித் துறைக்கென மேக வசதி ஒன்றை அமைக்கும் முயற்சியை ரிசர்வ் வங்கி 2023 டிசம்பரில் அறிவித்தது. அரசுத் துறைகளுக்காகத் தேசியத் தகவலியல் மையம் 2014ஆம் ஆண்டு தொடங்கிய தேசிய மேகமும் உண்டு. அந்தத் திட்டத்துக்கு மேகராஜ் என்று பெயரிட்டார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் 63,000ஐக் கணினிமயமாக்க 2,516 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றுக்கு 2022 ஜூனில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. நபார்டு வங்கியின் பொறுப்பில், நாடு முழுவதற்கும் பொதுவான ஒரே மென்பொருள், மேகத்தின்மேல் இயங்குவது, என்பதே அதன் அமைப்பு. வேளாண்மைக் கடன் சங்கங்களுக்கு இது இயலுமானால், பணியாளர் சிக்கன நாணயச் சங்கங்களாகிய நாம் மட்டும் ஏன் தனித்தனியே பிரதிநிதிகளிடம் பேரம் பேசிக்கொண்டிருக்க வேண்டும்? ஒரு மாவட்டத்தில் உள்ள நம் சங்கங்கள் யாவும் சேர்ந்து, மத்தியக் கூட்டுறவு வங்கியையோ ஒன்றியத்தையோ நடுவில் நிறுத்தி, ஒரே ஒப்பந்தமாகப் பேசினால், நாற்பது சங்கங்களின் குரலுக்குக் கிடைக்கும் மதிப்பு ஒரு சங்கத்தின் குரலுக்குக் கிடைக்குமா? துணை விதியும், வட்டி கணக்கிடும் முறையும், தணிக்கைப் படிவமும் நம் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்க, மென்பொருளுக்கு மட்டும் ஒவ்வொருவரும் தனித்தனியே விலை கொடுப்பது எனக்கு உண்மையிலேயே வேதனையாக இருக்கிறது.

நான்காவதான கலப்பு மேகம், மேற்சொன்னவற்றுள் இரண்டை இணைத்துப் பயன்படுத்துவது. கடன் பத்திரங்களின் படிமங்களைத் தனி இடத்திலும், நிலுவை பார்க்கும் வசதியைப் பொது மேகத்திலும் வைப்பது போன்றது. இணைப்புகள் பெருகும்போது கவனிக்க வேண்டிய இடங்களும் பெருகும் என்பதால், தொடக்கத்திலேயே அதில் இறங்க வேண்டாம்.

எச்சரிக்கை உண்டு என்றேன் அல்லவா? 2021ஆம் ஆண்டு மார்ச் மாதம் 10ஆம் தேதி, பிரான்சு நாட்டின் ஸ்திராஸ்பூர் நகரத்தில், ஓவிஎச் என்ற பெரிய மேக நிறுவனத்தின் ஐந்து மாடித் தரவு மையம் நள்ளிரவில் தீப்பற்றி முற்றிலும் எரிந்து போயிற்று. அதை நம்பியிருந்த வாடிக்கையாளர்களிற் சிலர் மூலத்தை மட்டுமன்றிப் படியையும் இழந்தார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று, சேற்றிலே கிடந்த என் ஹார்டு டிஸ்க் என் கண்முன் நின்றது. நான் ஒரே அறையில் வைத்தேன். அவர்கள் ஒரே வளாகத்தில் வைத்தார்கள். பேக்கப் என்ற சொல் ஒப்பந்தத்தில் இருந்தால் மட்டும் போதாது. அது வேறு ஊரில், வேறு கட்டடத்தில் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். கேட்டுக் கூடுதல் பணம் கட்டாவிட்டால் அந்த ஏற்பாடு பல இடங்களில் தானாக வருவதில்லை.

‘எங்கள் சேவை 99.9 சதவீதம் இயங்கும்’ என்று அவர்கள் காட்டும் கணக்கையும் நிதானமாகப் பாருங்கள். விடுபட்ட அந்த 0.1 சதவீதம் ஆண்டுக்கு எட்டே முக்கால் மணி நேரமாகும். அது ஒரே மூச்சில், கடன் பட்டுவாடா நாளன்று வந்தால் என்ன செய்வோம் என்பதற்குக் கையால் ரசீது எழுதும் ஏற்பாடு ஒன்று அலமாரியில் தயாராக இருக்கட்டும். 2017 பிப்ரவரி 28ஆம் தேதி அமேசானின் ஊழியர் ஒருவர் ஒரு கட்டளையில் ஓர் உள்ளீட்டைப் பிழையாகக் கொடுத்ததால், நீக்க எண்ணியதைவிட அதிகமான சர்வர்கள் நீக்கப்பட்டு, எண்ணற்ற வலைத்தளங்கள் மணிக்கணக்கில் முடங்கின. தவறிய நேரத்துக்குப் பெரும்பாலும் கட்டணத்தில் ஒரு பங்குதான் தள்ளுபடியாகக் கிடைக்கும். வாசலில் காத்திருந்த உறுப்பினரின் மகள் கல்லூரிக் கட்டணத்துக்கு எவரும் ஈடு தர மாட்டார்கள்.

வெளியேறும் வழியைப் பற்றி இன்னும் ஒன்று. எங்கள் சங்கம் ஒரு முறை ஒரு மென்பொருள் நிறுவனத்தை விட்டு விலக நேர்ந்தபோது, எங்கள் தரவைக் கேட்டோம். அவர்கள் தந்தது பேரேட்டுப் பக்கங்களைப் படம்போலப் பதிந்த பி.டி.எப். கோப்புகள். கண்ணால் படிக்கலாம், வேறு மென்பொருளில் ஏற்ற முடியாது. நாலாயிரத்துக்கு மேற்பட்ட கணக்குகளை இரண்டு எழுத்தர்கள் திரும்பவும் விரலால் தட்டி ஏற்றினார்கள். ஆதலால், விலகும்போது மட்டுமன்றி ஒவ்வொரு மாதமும், எந்த மென்பொருளும் படிக்கக்கூடிய அட்டவணைக் கோப்பாக நம் தரவு முழுவதும் நம் கைக்கு வர வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் தனி ஷரத்தாகவே எழுதிக்கொள்ளுங்கள். மறுப்பவருக்கு நீங்களும் கையெழுத்தை மறுத்துவிடுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். எந்த மேகத்தில் சேர்ந்தாலும், அடுத்த பேரவைக் கூட்டத்துக்கு முன்னால், ஒரு சனிக்கிழமை பிற்பகலில், மேகத்திலிருந்து எடுத்த படியை அலுவலகத்துக்குச் சம்பந்தமில்லாத வேறொரு கணினியில் ஏற்றித் திறந்து பாருங்கள். திறக்கிறதா என்று பார்ப்பதோடு நில்லாமல், அன்று அலுவலகத்துக்கு வரும் முதல் உறுப்பினரிடம் அவருடைய பாஸ்புத்தகத்தைக் கேட்டு வாங்கி, அவருடைய சிக்கன நிதி நிலுவையையும் கடன் நிலுவையையும் திரையில் தெரிவதோடு ஒப்பிடுங்கள். ஒத்திருந்தால் அந்தப் பாஸ்புத்தகத்தின் பக்கத்திலேயே தேதியிட்டு, சரிபார்க்கப்பட்டது என்று எழுதிக் கையெழுத்திட்டு, அதை அவரிடமே திருப்பிக் கொடுத்து, வீட்டில் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

தங்கள் அன்புள்ள,
ஓய்வுபெற்ற சங்கச் செயலாளர் ஒருவர்